காயம் பட்ட கால் வீங்குவது ஏன்? ஆக்சிஜன் குறைந்தால் வெள்ளை அணுக்கள் செய்யும் வேலை

ராமநாதபுரம் மாவட்டம் காரங்காடு அலையாத்திக் காட்டில் படகில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: சேற்றிலிருந்து பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள். சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அதனால் வேர் மேலே வந்து சுவாசிக்கிறது.

நம் உடலிலும் இந்தத் தட்டுப்பாடு வரும். ஆழமான காயத்தில் ரத்தக்குழாய்கள் அறுபட்டால், அங்கே ஆக்சிஜன் குறையும். கிருமியைக் கொல்ல ஓடிவரும் வெள்ளை அணுக்கள் அங்கேதான் வேலை பார்க்க வேண்டும்.

எப்படிச் சமாளிக்கின்றன?

'ஹிஃப்-1' என்ற புரதம்தான் சுவிட்ச். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால், செல் அதைச் சில நிமிடங்களில் அழித்துவிடும். குறைந்தால் அது தங்கிவிடும். ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்க வைக்கும். அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களும் கூடும். செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்த கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

அப்போ வீக்கம் நல்லதா?

சில நாள் என்றால் நல்லது. வாரக்கணக்கில் இழுத்தால் நம் திசுவையே கெடுக்கும். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

கவனிக்க: டெட்டனஸ் கிருமியும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வளரும். சேற்றில் கால் கிழிந்தால் நன்றாகக் கழுவுங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் தாண்டியிருந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் போங்க.