பயந்தது நான்தான்

இரவு பதினொரு மணிக்கு, வீட்டு வரவேற்பறையின் நடுவே நின்றுகொண்டு, "வராதே! கிட்ட வராதே!" என்று நான் கத்தியதாக என் மனைவி சொல்கிறார். எனக்கு அது நினைவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது மட்டும் நினைவிருக்கிறது. அதைக்கூட விளையாட்டுக்குள் வரும் நாய் என்றுதான் நினைத்தேன்.

வயது 43. தேசிய சேவை முடித்தவன். திகில் படங்களைப் பார்த்துச் சிரிப்பவன். அப்படிப்பட்ட என்னை அலற வைத்தது, 'ரெசிடென்ட் ஈவில் 4' என்ற பழைய விளையாட்டின் புதிய வடிவம்.

இதெல்லாம் ஆரம்பித்தது என் மகனால்தான். அவனுக்குப் பதினைந்து வயது. மெய்நிகர் கண்ணாடி அணிந்து இந்த விளையாட்டை ஆட வேண்டும் என்று பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தான். அட்டையில் 18 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறதே என்றேன். "சும்மா கேம்தானே பா" என்றான். சரி, முதலில் நான் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று, வேலையிடத்து நண்பர் ஒருவரிடம் வார இறுதிக்கு அந்தச் சாதனத்தை இரவல் வாங்கி வந்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூர ஆசைதான். இது எனக்குத் தெரிந்த விளையாட்டு.

அன்று ஆடியது

2005ஆம் ஆண்டு, 'கேப்காம்' என்ற ஜப்பானிய நிறுவனம் 'கேம்கியூப்' சாதனத்துக்காக இதை வெளியிட்டது. இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. 1996இல் முதல் 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டை உருவாக்கியவரும் அவரே. கதை எளிமையானது. அமெரிக்க அதிபரின் மகள் ஆஷ்லி கடத்தப்படுகிறாள். அவளைத் தேடி லியோன் கென்னடி என்ற ரகசிய முகவர் ஸ்பெயின் நாட்டின் ஒரு மூலைக் கிராமத்துக்குப் போகிறான். அங்குள்ள மக்களின் உடலுக்குள் ஓர் ஒட்டுண்ணி புகுந்து ஆட்டிவைக்கிறது. கோடரியும் அரிவாளுமாக அவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அங் மோ கியோவில் அம்மாவின் மூவறை வீட்டில், கனத்த பழைய தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தம்பியும் நானும் மாறி மாறி ஆடுவோம். ஒருவன் ஆட, மற்றவன் "பின்னால பாரு, பின்னால பாரு" என்பான். அந்த விளையாட்டில் துப்பாக்கியை உயர்த்தினால் நடக்க முடியாது. நின்ற இடத்திலிருந்துதான் சுட வேண்டும். அந்தத் தவிப்பே பாதித் திகில். ஆனால் சிரித்துக்கொண்டேதான் ஆடினோம். தொலைக்காட்சிக்கும் எங்களுக்கும் நடுவே அம்மா வைத்த பக்கோடாத் தட்டு இருந்தது.

2023 மார்ச்சில் இதே விளையாட்டை அடியிலிருந்து புதிதாக உருவாக்கி வெளியிட்டது கேப்காம். நடந்துகொண்டே சுடலாம். எதிரியின் வெட்டைக் கத்தியால் தடுக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில், பிளேஸ்டேஷன் 5க்கான மெய்நிகர் வடிவத்தையும் இலவச இணைப்பாகக் கொடுத்தது. இதற்கு முன் 2021இலேயே பழைய விளையாட்டு 'குவெஸ்ட் 2' கண்ணாடிக்கு வந்திருந்தது என்றாலும், நான் அணிந்தது இந்தப் புதியதைத்தான்.

திரை இல்லாத இடம்

கண்ணாடியை மாட்டியதும் வரவேற்பறை மறைந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனித் திரை. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. குனிந்தால் என் காலடியில் சேறு. பழைய விளையாட்டில் லியோனின் முதுகைத்தான் பார்ப்போம். இங்கே லியோன் இல்லை. நான்தான் இருந்தேன்.

முதல் வீட்டுக்குள் நுழைந்தபோது டார்ச் விளக்கை என் இடக்கையே தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கையை எங்கே நீட்டுகிறேனோ அங்கே மட்டும் வெளிச்சம். மற்ற இடமெல்லாம் இருட்டு. மாடியில் ஒரு பலகை கிரீச்சிட்டது. அந்தச் சத்தம் என் தலைக்கு மேலே, சற்று வலப்புறம், சரியாக அந்த இடத்திலிருந்து வந்தது.

துப்பாக்கியில் தோட்டா தீர்ந்தால் பொத்தானை அமுக்கினால் மட்டும் போதாது. காலி மேகசினைக் கீழே விழவிட்டு, இடுப்பிலிருந்து புதியதை எடுத்து, துப்பாக்கிக்குள் செருகி, மேற்பகுதியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். தேசிய சேவையில் எம்16 துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டியவன் நான். இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

கிராமச் சதுக்கத்தில் கூட்டம் சூழ்ந்தது. பிறகு அந்தச் சத்தம். மரம் அறுக்கும் இயந்திர வாள். தலையில் சாக்குத்துணி கட்டிய ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். அதன் முழு வெட்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் தம்பியும் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்திருக்கிறோம். இப்போது அவன் என்னைவிட ஒரு தலை உயரம். மேகசினை எடுத்தேன், செருக வரவில்லை. கை நடுங்கியது. கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்தேன். அப்போதுதான் கத்தியிருக்க வேண்டும்.

சிறிது நேரம் தாக்குப்பிடித்தால் தேவாலய மணி அடிக்கும், எல்லாரும் போய்விடுவார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தது எதுவும் உதவவில்லை. மூளை 'இது விளையாட்டு' என்று சொல்லி முடிப்பதற்குள் கால் பின்வாங்கிவிடுகிறது. நான் பின்வாங்கி, சோபாவில் இடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

குமட்டல் ஏன்?

கண்ணாடியைக் கழற்றியபோது சட்டை நனைந்திருந்தது. வயிற்றைப் புரட்டியது. பேருந்தில் புத்தகம் படிப்பவருக்கு வருமே, அதே குமட்டல். காரணமும் ஏறக்குறைய அதேதான், தலைகீழாக. உள்காதில் திரவம் நிறைந்த அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. நாம் அசைவதை மூளைக்குச் சொல்பவை அவை. பேருந்தில் உடல் நகர்கிறது, கண் பக்கத்திலேயே நிற்கிறது. மெய்நிகர் விளையாட்டில் கண் 'நடக்கிறேன்' என்கிறது, காதோ 'நிற்கிறேன்' என்கிறது. இரு சாட்சிகளும் மாற்றிச் சொன்னால் மூளை குழம்பிப்போகிறது.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

முதல் நாள் பத்து, பதினைந்து நிமிடம் போதும். தலை லேசாகச் சுற்றினாலும் உடனே நிறுத்துங்கள். 'சமாளித்துவிடலாம்' என்று நான் நாற்பது நிமிடம் ஆடியதுதான் தப்பு.

அமைப்புகளில் சீராகத் திரும்புவதற்குப் பதில் படிப்படியாகத் திரும்பும் வசதி உண்டு. நகரும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்கும் வசதியும் உண்டு. இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எதிரே ஒரு மின்விசிறி வையுங்கள். முகத்தில் காற்றுப் படும் திசை, நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதை உடலுக்கு நினைவூட்டும். காலடியில் சிறு பாய் விரித்தால், இடம் மாறியதைக் கால் சொல்லிவிடும்.

நின்று ஆட ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராவது காலி இடம் வேண்டும். நடமாடி ஆடுவதென்றால் இரண்டுக்கு இரண்டு. நம் வீவக வீடுகளில் காபி மேசையை நகர்த்தாமல் முடியாது. உட்கார்ந்தும் ஆடலாம், அதில் வெட்கமில்லை.

சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம். இந்தச் சாதனத்தை 12 வயதுக்குக் குறைந்தோர் பயன்படுத்தக்கூடாது என்று அதைத் தயாரிக்கும் சோனியே சொல்கிறது.

விளக்கைப் போட்டவன்

நான் தரையில் உட்கார்ந்திருந்தபோது மனைவிக்கு முன் ஓடி வந்தது மகன்தான். அவன் சிரிப்பான், கைப்பேசியில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் என் தோளில் கை வைத்தான்.

"லைட் போடவா பா?"

அந்தக் கேள்வி எனக்குப் பழையது ஒன்றை ஞாபகப்படுத்தியது. அவனுக்கு ஏழு வயது இருக்கும். இரவில் கழிவறைக்குப் போக என்னை எழுப்புவான். வெளியே நிற்கச் சொல்வான். ஒரு நாள் அலுப்பில், "ஆம்பளப் பிள்ளைக்கு என்னடா பயம்?" என்று சொல்லி, அவன் உள்ளே இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டேன். பயத்தைப் போக்குகிறேன் என்று எனக்கு நினைப்பு. அவன் அழவில்லை. அதற்குப் பிறகு என்னை எழுப்பவே இல்லை. பயம் தெளிந்துவிட்டது என்று பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டே அவனிடம் கேட்டேன், அது நினைவிருக்கிறதா என்று.

"இருக்கு. அப்புறம் அம்மாவ எழுப்புவேன். உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொல்லுவேன்."

எட்டு வருடமாக எனக்குத் தெரியாது. அவனுக்குச் சொல்ல வேண்டியதை அப்போதுதான் சொன்னேன். "நான் செஞ்சது தப்புடா." அவன் கொஞ்சம் சங்கடப்பட்டு, "பரவால்ல பா" என்று கோப்பையைப் பார்த்துக்கொண்டான்.

விளையாட்டைப் பற்றிய முடிவையும் சொன்னேன். 18 ஆகும் வரை வேண்டாம். அட்டையில் போட்டிருப்பதால் மட்டும் சொல்லவில்லை, நானே உள்ளே போய் வந்ததால் சொல்கிறேன் என்றேன். வாக்குவாதம் வரும் என்று நினைத்தேன். என் சட்டையைப் பார்த்தான். "சரி பா. நீங்க ஆடுறதயே பாத்தாச்சு" என்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாதனத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன், அதே கண்ணாடியில் கார் பந்தயம் ஒன்றை இருவரும் மாறி மாறி ஆடினோம். நான் ஓட்டும்போது அவன் பக்கத்தில் நின்று, "பின்னால பாருங்க, பின்னால பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.