ஃப்யூஸ் இல்லாத ஒயர்

கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதில் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டோம், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ரப்பர் தீயும் வாடை வந்தது. பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவதற்குள் ஒயரின் மேலுறை உருகி இரும்புத் தகட்டோடு ஒட்டிப்போயிருந்தது. எங்கள் பழைய எம்.எம்.540 ஜீப்பின் பம்பரில் இரண்டு கூடுதல் விளக்குகள் மாட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாட்டிக் கொடுத்தவர் பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே ஃப்யூஸே வைக்கவில்லை. தகட்டில் போட்ட துளைக்கு ரப்பர் வளையமும் இல்லை. அதன் ஓரத்தில் உரசி உரசி ஒயர் அறுபட்டிருந்தது.

பழைய ஜீப், ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் அதைத் தங்கள் கையாலேயே பார்த்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்ற எண்ணம் ஆபத்தானது. தொட்டால் ஷாக் அடிக்காதுதான். ஆனால் பாசிட்டிவ் ஒயர் பாடியில் நேராகப் பட்டால், அதே பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். மெல்லிய ஒயர் சில நொடிகளில் அடுப்புக் கம்பிபோலச் சிவந்துவிடும். பக்கத்திலேயே டீசல் குழாயும், எண்ணெய் படிந்த பழைய ஒயர்க் கட்டும் இருக்கும்.

ஃப்யூஸ் விளக்கைக் காப்பாற்ற வைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. அதனால் அதன் இடம் விளக்குக்குப் பக்கத்தில் அல்ல, பேட்டரிக்குப் பக்கத்தில். ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால் நல்லது. ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இடம் தானாகவே தெரிந்துவிடும். அடிக்கடி போகிறதே என்று ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஒயரின் கனம். 55 வாட் விளக்கு ஒன்று ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியருக்கு மேல். இதற்கு 1 சதுர மி.மீ. ஒயரைப் போட்டு, போக மூன்று மீட்டர், திரும்ப மூன்று மீட்டர் என்று இழுத்தால் வழியிலேயே ஒரு வோல்ட் தொலைந்துவிடும். விளக்கு மங்கலாக எரிகிறதே என்று இன்னும் பெரிய பல்பு வாங்குவோம், ஒயர் இன்னும் சூடாகும். 2.5 சதுர மி.மீ. ஒயர், 15 ஆம்பியர் ஃப்யூஸ், ஒரு ரிலே இருந்தால் இந்த வேலைக்குப் போதும்.

ரிலே ஏன் என்று கேட்கலாம். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவும் டிப்பர் சுவிட்ச் வழியாகவும்தான் போகிறது. முப்பது வருடம் தேய்ந்த அந்த சுவிட்சில் 60/55 பல்பைக் கழற்றிவிட்டு 100/90 மாட்டினால், ஹைபீமில் மட்டும் 16 ஆம்பியருக்கு மேல் ஓடும். சுவிட்ச் உருகும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். ரிலே இருந்தால் சுவிட்ச் வழியாகச் சிறு கரண்ட்தான் போகும். பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்குப் போகும். ரிலேயின் 30 என்ற கால் ஃப்யூஸ் வழியாகப் பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85-ம் 86-ம் சுவிட்சுக்கும் எர்த்துக்கும். இப்படி மாற்றிய பிறகு பழைய 60/55 பல்பே பளிச்சென்று எரிவதை நானே பார்த்தேன். ஹாலஜனுக்கென்று செய்த கூட்டில் எல்.இ.டி. பல்பைத் திணிக்கவும் வேண்டாம். ஒளி பிறக்கும் இடம் மாறிவிடுவதால் வெளிச்சம் சாலையை விட்டுச் சிதறும்.

வேலையைத் தொடங்கும்போது நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள், முடித்தபின் கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் இடித்தால் அங்கேயே ஷார்ட். ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல் லக் வைத்து அழுத்துங்கள். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிடுங்கள். வின்ச் மட்டும் தனி விவகாரம். முழுப் பாரத்தில் அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும் என்பதால், தடித்த கேபிளும் கைக்கெட்டும் இடத்தில் கட்-ஆஃப் சுவிட்சும் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மொபைல் சார்ஜ் செய்யும் சாக்கெட், உள்விளக்கு போன்றவற்றுக்கு யாரும் உங்களைப் பிடிக்கப்போவதில்லை. வண்டியின் அடிப்படை அமைப்பையே மாற்றுவதைத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். முன்பக்க ஸ்பாட் லைட், சர்ச் லைட்டுக்குப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 111. பம்பருக்கு முன்னால் மாட்டும் கம்பித் தடுப்பும் 52-ஆவது பிரிவுக்கு முரண் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகிற நாளில்தான் பலருக்கு இதெல்லாம் தெரியவருகிறது.

அதைவிட எனக்குக் கவலை தருவது இன்ஷூரன்ஸ். பழைய வண்டிதானே என்று மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால், உங்கள் ஜீப் எரிந்துபோனால் ஒரு பைசா வராது. சொந்தச் சேதத்துக்கான பாலிசியில் தீயும் தானாகப் பற்றிக்கொள்வதும் அடங்கும். ஆனால் வெறும் மின்கோளாறு அடங்காது. கூடுதலாக மாட்டிய மின்சாதனங்களை நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, அவற்றின் மதிப்புக்குத் தனி பிரீமியம் கட்டிப் பாலிசியில் ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. சொல்லாமல் மாட்டியதை சர்வேயர் கண்டுபிடித்தால், உங்கள் கோரிக்கையை மறுக்க நீங்களே காரணம் கொடுத்தவர் ஆவீர்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரரிடம் போய்க் கேட்டபோது, அந்த வேலையைத் தான் செய்யவே இல்லை என்றார். என்னிடம் பில் இல்லை, நான் கேட்டு வாங்கவில்லை. பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது எனக்கு அப்போது தெரியாது. பில்லில் ‘லைட் ஃபிட்டிங்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஒயரின் அளவு, ஃப்யூஸின் ஆம்பியர், ரிலே எல்லாம் அதில் இருக்கட்டும். கூடவே, வேலை நடக்கும்போதே போனில் நான்கு படம் எடுத்துவையுங்கள்.

குறைபாடான சேவையால் நஷ்டம் வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

இன்ஷூரன்ஸ் நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் இல்லை.

இதற்கெல்லாம் சான்று வேண்டும். வண்டி தீப்பிடித்தால் தீயணைப்புத் துறையின் அறிக்கையை வாங்குங்கள், சர்வேயர் பார்க்கும் வரை எதையும் துடைக்கவோ கழற்றவோ வேண்டாம். கருகிய ஒயரை நான் அன்றே சாலையோரத்தில் வெட்டி எறிந்துவிட்டேன். நீங்கள் அதை இரண்டு முனையும் தெரியும்படி படம் எடுத்து, ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.