கண்ணில் படாதவருக்கும் பதவி உயர்வு

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் உண்மையிலேயே வேலை பார்க்கிறாரா? மேலாளர்கள் பலருக்கு முதலில் எழும் சந்தேகம் இதுதான். கொரோனாவுக்குப் பத்தாண்டு முன்பே ஷாங்காய் நகரில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

சிட்ரிப் என்ற சீனப் பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010-ல் அந்தச் சோதனை தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் அதை ஆராய்ந்த குழுவில் ஒருவர். விருப்பமும் தகுதியும் இருந்த 249 பேரில், இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்களுக்கு வாரத்தில் 4 நாள் வீட்டில் வேலை. மற்றவர்கள் வழக்கம்போல அலுவலகம் வந்தார்கள்.

9 மாதத்தில் வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததே முக்கியக் காரணம். அலுவலகம் வந்தவர்களோடு ஒப்பிட்டால், வேலையை விட்டுப் போனவர்களும் பாதியளவுதான். ஆக, கேமராவைப் போட்டுவைக்கச் சொல்வதும், திரையில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் வெட்டி வேலை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரே அளவு திறமை காட்டியும், பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு வீட்டிலிருந்தவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. தனிமையும் வாட்டியது. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

தலைமையில் இருப்பவர் கைகொடுக்க வேண்டியது இங்கேதான். பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது நினைவை நம்பாதீர்கள். காபி குடிக்கும் இடத்தில் தினம் பார்க்கும் முகம்தான் முதலில் நினைவுக்கு வரும். யார் என்ன முடித்தார் என்பதை மாதாமாதம் எழுதிவைத்து, அதை வைத்து முடிவு செய்யுங்கள். வாரம் ஒருமுறை தனியாகப் பேசுங்கள். “எங்கே சிக்கியிருக்கிறீர்கள், நான் யாரிடம் பேச வேண்டும்?” என்று கேட்டால் போதும், கணக்குக் கேட்க வேண்டியதில்லை.

ஷாங்காய் சோதனையில், நிறுவனத்தில் குறைந்தது 6 மாதம் பணியாற்றி, வீட்டில் தனியறையும் இருந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவரைத் தொடக்கத்தில் ஒரு மூத்தவரின் பக்கத்தில் உட்காரவையுங்கள். தனியறை இல்லாதவருக்கு அலுவலகத்தில் ஓர் இருக்கையை விட்டுவையுங்கள்.

வேலை நேரம் முடிந்தபின் ஊழியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று போர்ச்சுகல் 2021-ல் சட்டமே போட்டது. வீட்டிலிருந்து வேலை செய்பவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் சந்திக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் இல்லாத ஊரிலும் இரண்டையும் கடைப்பிடிக்கலாம். இரவு 10 மணிக்கு எழுதிய மின்னஞ்சலைக் காலை 9 மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவைக்க அரை நிமிடம்கூட ஆகாது.