மூன்று துவாரம்தானே என்று எண்ணலாமா?

இந்த வாரம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. பெண்களின் அடிவயிற்று நோயைப் பற்றி நம் லயங்களில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொல்வதோடு சரி. ஆனால், ஆபரேஷன் முடிந்து வருகிறவளுக்கு அரிசி மூட்டையை நகர்த்திக் கொடுக்கவும், லீவுக் கடிதத்தை ஆபீசில் சேர்க்கவும் வேண்டியவர் வீட்டு ஆண்தானே! ஆகையால் ஆண்களும் இதைப் படிக்க வேண்டும்.

செம்பனைத் தோட்டம் ஒன்றில் உதிரிப் பழம் பொறுக்கும் தங்கச்சி ஒருத்தியை எனக்குத் தெரியும். வயது நாற்பத்திரண்டு. கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் இரத்தம் போய்ப் போய் முகம் வெளுத்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிக்காமல், சிறு துவாரங்கள் போட்டுக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஆச்சரியம். "மூணு ஓட்டைதானா? எங்க காலத்துல வயித்தைக் கிழிச்சு ஒரு வாரம் படுக்க வச்சிடுவாங்க" என்றார் ஒரு பாட்டி.

பன்னிரண்டாம் நாள் கங்காணி வாசலுக்கு வந்தார். "நல்லாத்தானே நடமாடுறே, பாதி நாள் வந்து பொறுக்கினாப் போதும்" என்றார். வீட்டுச் செலவை நினைத்து அவளும் போனாள். குனிந்து பொறுக்கினாள், சாக்கைத் தூக்கினாள். அன்று மாலையே இரத்தப்போக்கு. மறுபடியும் வார்டு. நான் போய்ப் பார்த்தபோது, "அக்கா, வெளியில காயம் காஞ்சிருச்சு, உள்ளேயும் ஆறியிருக்கும்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இந்த லேப்பரோஸ்கோப்பி ஆபரேஷனில் தொப்புளிலும் அடிவயிற்றிலும் மூன்று நான்கு இடத்தில் சின்னத் துவாரம் போடுகிறார்கள். ஒன்றின் வழியாகக் கேமரா போகும். மற்றவற்றின் வழியாகக் கருவிகள் போகும். வெளியில் தெரிவது அவ்வளவுதான். ஆனால், உள்ளே அறுப்பதும் தைப்பதும் பெரிய ஆபரேஷனில் செய்கிற அதே வேலைதான். கர்ப்பப்பையை முழுதாக எடுத்தால் பெண்ணுறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடியிருப்பார்கள். அந்த உள்தையல் ஆறச் சாதாரணமாக ஆறு வாரம் பிடிக்கும். சிலருக்கு இன்னும் கூடும். அதுவரை பாரம் தூக்குவதும் கூடாது, கணவன் மனைவி சேருவதும் கூடாது. உள்ளே பார்த்துவிட்டு மூடிய ஆபரேஷன் என்றால் ஒரு வாரத்தில் எழுந்துவிடலாம். சினைப்பைக் கட்டியை மட்டும் எடுத்தால் இரண்டு மூன்று வாரம் ஆகும். எது செய்யப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்கும்போதே நம் வேலையையும் சொல்ல வேண்டும். டாக்டர் "என்ன வேலை?" என்றால் "தோட்டத்து வேலை" என்று தலையைக் குனிந்துகொள்கிறோம். பட்டணத்து டாக்டருக்கு அது எப்படி விளங்கும்? மருந்து பம்பு 16 லிட்டர் பிடிக்கும், அதை முதுகில் சுமந்து மேடு ஏறுகிறேன் என்று சொல்லுங்கள். பால் வாளி தூக்குகிறேன், குலையைத் தள்ளுவண்டியில் தள்ளுகிறேன் என்று சொல்லுங்கள். மலாயில் "கெர்ஜா லாடாங், அங்காட் பெராட்" என்றால் மிஸ்ஸிக்கும் புரியும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு எழுதும் லீவு நமக்குப் போதாது.

இனி லீவுக் கணக்குக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு வருடத்திற்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாளும், இரண்டு முதல் ஐந்து வருடத்திற்குள் 18 நாளும், ஐந்து வருடமும் அதற்கு மேலும் செய்தவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் சீக்கு லீவு உண்டு. ஆறு வாரம் என்றால் ஓய்வு நாளைக் கழித்தாலும் 36 நாள் ஆகிறது. 22 எங்கே, 36 எங்கே? இங்கேதான் நம் பெண்கள் பயந்துபோய்ப் பாதியில் வேலைக்கு ஓடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நோய்க்கு 60 நாள் லீவு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாள், சாதாரணச் சீக்கு லீவோடு சேர்க்கப்படாமல் தனியாகக் கணக்கிடப்படுகிறது. இதில் முக்கியமான ஒரு வரி உண்டு. ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய அளவு நோய் என்று டாக்டர் சான்று கொடுத்து, எந்தக் காரணத்தாலோ அவர் வார்டில் இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரியில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று 60எஃப் பிரிவு சொல்கிறது. துவார ஆபரேஷனில் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களே, அந்த வரி நமக்கு அங்கேதான் உதவும். ஆனால், வெறும் எம்.சி. போதாது, இந்த விஷயம் டாக்டரின் எழுத்தில் இருக்க வேண்டும். வார்டை விட்டுப் புறப்படும் முன்பே கேளுங்கள். லீவு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்கும் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் சொல்லாமல் நின்றதாகப் போட்டுவிடலாம். எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கும் இந்த லீவுச் சம்பளம் உண்டு. கடிதத்தின் நகல் ஒன்றைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள்.

வீட்டு ஏற்பாடு ஆபரேஷனுக்கு முந்தின வாரமே நடக்க வேண்டும். கேஸ் தோம்பை மாற்றி, அரிசியைச் சிறு டின்னில் கொட்டி, பானை சட்டிகளை இடுப்பு உயரத்தில் வையுங்கள். மயக்க மருந்து கொடுத்திருப்பதால் முதல் ஒரு நாளாவது பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து செம்மண் ரோட்டில் குலுங்கிக்கொண்டு வர வேண்டாம். கார் ஒன்றுக்குச் சொல்லி வையுங்கள்.

வந்த பிறகு தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் போட்ட காற்றினால் வருவது அது. சில நாளில் போய்விடும். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் மெல்ல நடந்தால் நல்லது. காலில் இரத்தம் கட்டாமலிருக்கவும் நடைதான் உதவும். பத்தியம் என்று சொல்லி முட்டை, மீனை நிறுத்திவிட்டுக் கஞ்சி மட்டும் ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். புண் ஆறச் சத்து வேண்டும். மலச்சிக்கலும் ஆகாது, முக்கினால் தையலுக்குக் கேடு. கீரையும் பழமும் தண்ணீரும் கொடுங்கள்.

நாளுக்கு நாள் வலி குறைந்துகொண்டே வர வேண்டும். மாறாக வலி ஏறினால், காய்ச்சல் கண்டால், வாந்தி நிற்காவிட்டால், வயிறு வீங்கினால், சிறுநீர் போகாவிட்டால், இரத்தம் அதிகம் பட்டால், துர்நாற்றத்தோடு ஏதும் வடிந்தால், பெருவிரல் முதல் கெண்டைக்கால் வரை ஒரு கால் வீங்கினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 999க்குப் போன் செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்தத் தங்கச்சி இரண்டாவது முறை வார்டிலிருந்து வந்தபோது டாக்டரின் கடிதத்தோடு வந்தாள். அதை ஆபீஸ் கிராணியிடம் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவள் பெரட்டுக்குத் திரும்பியபோது எட்டு வாரம் ஆகியிருந்தது. முதல் மாதம் அவள் பொறுக்கினாள், சாக்கை அவள் வீட்டுக்காரர் தூக்கினார். கங்காணி ஒன்றும் சொல்லவில்லை.