முதலில் தோண்டுவது யார்?

2019 நவம்பர் 13 அன்று பாண்டி பஜாரின் புது நடைபாதை வளாகத்தை அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார். ‘ஸ்மார்ட் சிட்டி’ திட்டத்தில் கட்டியது; செலவு ஏறக்குறைய 40 கோடி ரூபாய். ஜவுளிக்கடைக் கூட்டத்தில் தோளோடு தோள் இடித்தே பழகிய தி.நகர், அன்றுதான் கையை வீசி நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை. 2021 நவம்பர் 6 இரவு பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டியது. தி.நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. ‘ஸ்மார்ட் சிட்டி’க்குச் செலவழித்த பணம் என்ன ஆயிற்று என்று அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் கேட்டார். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் 2022-இல் ஒருநபர் விசாரணை ஆணையமும் அமைந்தது.

முறைகேடு நடந்ததா என்பது ஆணையத்தின் கேள்வி. இங்கே கேட்க வேண்டியது வேறு. ஒவ்வொரு ரூபாயும் நேர்மையாகவே செலவாகியிருந்தாலும் அந்த இரவு தி.நகரில் தண்ணீர் நிற்காமல் இருந்திருக்குமா? ஊழல் என்ற பதில் நமக்குச் சுலபம், கேட்கவும் திருப்தியாக இருக்கும். ஆனால் ஊழலே இல்லாத ஊரிலும் நடைபாதையை ஒருவரும் கால்வாயை இன்னொருவரும் தங்கள் தங்கள் கெடுவுக்குக் கட்டினால் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

தி.நகரின் வெள்ளத்தை வெளியேற்ற வேண்டியது மாம்பலம் கால்வாய். நுங்கம்பாக்கம் பக்கமிருந்து வந்து, தி.நகருக்கு ஊடாக ஓடி, நந்தனத்தைக் கடந்து அடையாற்றில் சேர்கிறது. 2021-இல் அதன் சீரமைப்பும் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின் கீழேதான் நடந்துகொண்டிருந்தது. பருவமழை வந்தபோது வேலை பாதியில் நின்றது; கட்டுமானக் கழிவு கால்வாயை அடைத்திருந்தது. அழகுபடுத்தும் வேலை முடிந்துவிட்டது, நீர் போகும் வழி முடியவில்லை. வரிசை தலைகீழாகிவிட்டது என்பதுதான் அந்த வெள்ளத்தின் சுருக்கம்.

தி.நகர் இருக்கும் இடமே ஒரு ஏரி என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்று அழைத்த நீண்ட ஏரியின் படுகையைத் தூர்த்து, 1920-களில் மாம்பலம் நகரமைப்புத் திட்டமாக இந்தப் பேட்டையை உருவாக்கினார்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்து, அதிலிருந்து சாலைகளைப் பிரித்து, மனை மனையாக அளந்து போட்டார்கள். தெரு, பூங்கா, மனை எல்லாம் ஒரே வரைபடத்தில் வந்தன. இன்று நாம் கேட்கும் ‘ஒருங்கிணைந்த திட்டம்’ அன்றே இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஏரியை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே கை போட்ட திட்டம் என்பதாலேயே ஒன்று நல்ல திட்டமாகிவிடாது என்பதற்கும் தி.நகரே சாட்சி.

தெரு யாருடையது?

மயிலாப்பூரில் ஏதாவது ஒரு நடுத்தரத் தெருவை எடுத்துக்கொள்வோம். மேலே இருக்கும் தார் மாநகராட்சியுடையது. பேருந்து போகும் சாலை என்றால் மாநகராட்சிக்குள்ளேயே தனிப் பிரிவு; உட்புறத் தெரு என்றால் மண்டல அலுவலகம். அண்ணா சாலை, அடையாறு சர்தார் பட்டேல் சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு, அதற்குச் சில அடி தள்ளி ஓடும் கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் மெட்ரோ வாட்டருக்கு. மின்கேபிளும் நடைபாதையை அடைத்து நிற்கும் மின்பெட்டியும் மின்வாரியத்துக்கு. இணையக் கேபிள் தனியார் நிறுவனங்களுக்கு. பஸ் நிறுத்தம் எங்கே என்பதில் எம்.டி.சி.யும், எந்தப் பக்கம் ஒருவழி என்பதில் போக்குவரத்துக் காவல்துறையும் வருகின்றன. அடியில் சுரங்கம் போனால் மெட்ரோ ரயில் நிறுவனம். தெருமுனையில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடினால் நீர்வளத் துறை.

இவர்களில் நம் வாக்கால் பதவிக்கு வருபவர் வார்டு கவுன்சிலர் ஒருவர். தெருவில் குழி விழுந்தால் திட்டு வாங்குபவரும் அவரே. குழி தோண்டியவர்களில் பெரும்பாலானோர் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல.

சேவைத் துறைகளின் ஒருங்கிணைப்புக் கூட்டம் மாதாமாதம் நடக்கத்தான் செய்கிறது. சாலை வெட்ட மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெட்டவே கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போடக் கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எழுத்தில் உத்தரவே போட்டார். சாலை உயர உயர வீட்டுவாசல் பள்ளமானதைப் பார்த்த மேற்கு மாம்பலத்துக்காரர்களுக்கு அந்த உத்தரவின் அருமை தெரியும். ஆனால் கூட்டம் போடுவது வேறு, திட்டமிடுவது வேறு. கூட்டத்தில் ஒவ்வொரு துறையும் தான் ஏற்கெனவே முடிவுசெய்த வேலையைத் தெரிவிக்கிறது. ‘உன் வேலை இந்த ஆண்டு வேண்டாம், முதலில் குழாய், பிறகு வடிகால், கடைசியில் தார்’ என்று சொல்லும் அதிகாரம் அந்த மேசையில் எவருக்கும் இல்லை.

காரணம், பணம் வரும் வழி. மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் வரை மண்ணைக் குடையும் இரண்டாம் கட்ட மெட்ரோ 63,246 கோடி ரூபாய்த் திட்டம். ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி உள்ளிட்டவை கடன் தருகின்றன. நகரின் வடக்கே கொசஸ்தலையாற்றுப் படுகை வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, தெற்கே கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. ஸ்மார்ட் சிட்டிக்கு மத்திய அரசின் பங்கு. ஒவ்வொரு கடனுக்கும் தனி டெண்டர் விதி, தனிக் கெடு. பணத்தைக் கெடுவுக்குள் செலவழிக்காத பொறியாளருக்குத்தான் மெமோ வரும். பக்கத்துத் துறைக்காக இரண்டு மாதம் காத்திருந்தவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. காத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமாக இருக்கும்வரை எல்லோரும் ஓடிப்போய்த் தோண்டத்தான் செய்வார்கள்.

சட்டம் சொன்னது, நடந்தது

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இந்தச் சிக்கலை முன்கூட்டியே பார்த்தது. பெருநகரங்களுக்கு ஒரு பெருநகரத் திட்டக் குழு வேண்டும், அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்றது 243-இசட்.இ. பிரிவு. நகரமைப்பு, நிலப் பயன்பாடு, சாலை, குடிநீர் உள்ளிட்ட 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டு, அவற்றை நகராட்சிகளிடம் விடலாம் என்றது. ‘விடலாம்’ என்றதே தவிர, ‘விட வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாக முப்பது ஆண்டுகள் ஓடிப்போயின.

சென்னையில் இன்றும் திட்டமிடுவது 1970-களில் உருவான சி.எம்.டி.ஏ.தான். அது மாநில அரசின் அமைப்பு, தலைமையில் அமைச்சர். முதல் முழுமைத் திட்டம் 1975-இல் வந்தது, இரண்டாவது 2008-இல். இடைவெளி 33 ஆண்டுகள். இரண்டாம் திட்டம் 2026-ஐ இலக்காக வைத்து எழுதப்பட்டது. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்பதை முழுமைத் திட்டம் சொல்லும். எந்த ஆண்டில், எந்தத் துறை, எந்தப் பணத்தில் செய்யும் என்பதற்கு மாநகராட்சியின் பட்ஜெட், குடிநீர் வாரியத்தின் பட்ஜெட், மெட்ரோவின் கடன் ஒப்பந்தம் என்று தனித்தனியாகப் புரட்ட வேண்டும். எந்த இரண்டு புத்தகமும் ஒன்றையொன்று பார்த்துப் பேசாது.

இன்னொன்றும் உண்டு. 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. பாண்டி பஜார் நடைபாதையைக் கட்டித் திறந்தது, மாம்பலம் கால்வாயில் கை வைத்தது எல்லாம் அந்த இடைப்பட்ட காலத்தில். அதாவது, தி.நகருக்காக இவ்வளவு பணம் செலவானபோது தி.நகருக்குக் கவுன்சிலரே இல்லை. ஸ்மார்ட் சிட்டி வேலைகளை நடத்தியதும் அதற்காகவே உருவாக்கிய ஒரு நிறுவனம். ஆலோசனை நிறுவனத்தின் படக்காட்சியில் வராத சில விஷயங்கள், எந்த மூலையில் எத்தனை மணி நேர மழைக்குத் தண்ணீர் ஏறும் என்பதுபோன்றவை, வார்டில் நாற்பது ஆண்டு குடியிருப்பவருக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் மேசையில் வைக்க ஆள் இல்லை.

பறக்கும் ரயிலும் மெட்ரோவும் சந்திக்கும் லஸ் பக்கம் போனால் இதே கதையின் போக்குவரத்து அத்தியாயம். 1997-இல் திருமயிலைக்குப் பறக்கும் ரயில் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே தூண்கள் ஊன்றப்பட்டன; நிலம் கையகப்படுத்தும் தலைவலி மிச்சம், கால்வாய்க்குத்தான் நட்டம். பிரம்மாண்டமான நிலையம் எழுந்தது, பேருந்திலிருந்து இறங்கி அதற்குள் வசதியாக நுழைய வழி எழவில்லை. அதே திருமயிலையில் மெட்ரோவின் இரண்டு தடங்கள் தரைக்கடியில் சந்திக்கும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். ரயில், மெட்ரோ, பஸ் எல்லாவற்றையும் ஒரே குடையில் கொண்டுவர ‘கும்டா’ ஆணையத்துக்கான சட்டம் 2010-இல் நிறைவேறியது. ஆணையத்தின் முதல் கூட்டம் 2022 நவம்பரில் கூடியது. பன்னிரண்டு ஆண்டுகள்! மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது. தாமதம்தான், ஆனாலும் நல்ல வேலை.

நல்ல வேலைக்கு இன்னோர் உதாரணம், மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாலம். 2023 மே மாதம் திறந்தது. நிலையம் ரயில்வேயுடையது, பஸ் ஸ்டாண்டு எம்.டி.சி.யுடையது, இடையில் கிடந்த நெரிசல் யாருடையதும் அல்ல. யாருடையதும் அல்லாத அந்தத் துண்டுக்கு மாநகராட்சி பொறுப்பேற்றது.

ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் வரை

ஒருங்கிணைப்பு இல்லாததற்கு மிக அதிக விலை கொடுத்தவர்கள் தி.நகர்க் கடைக்காரர்கள் அல்லர், அடையாற்றங்கரைக் குடிசைவாசிகள். ஆற்றின் நீர் நீர்வளத் துறையின் பொறுப்பு. முகத்துவாரச் சூழலியல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் பொறுப்பு. ராஜா அண்ணாமலைபுரத்தில் 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா அதன் கைவண்ணம். ஆற்றில் கலக்கும் கழிவுநீர் மெட்ரோ வாட்டருக்கு, குப்பை மாநகராட்சிக்கு, கரையோரக் குடியிருப்பு முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கரையைக் காலிசெய்யும் வேலை வேகமெடுத்தது. குடும்பங்களைப் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு ஏற்றிப் போனார்கள்.

பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. நகரம் தன் ஏழைகளை அனுப்பிவைத்தது, அவர்களுக்கான தெருவிளக்கும் குப்பையும் ஓர் ஊராட்சியின் தலையில் விழுந்தன. வீடு கட்டிய துறைக்கு வீட்டோடு வேலை முடிந்தது. பள்ளியில் இடம், பஸ், ரேஷன் கடை, அடையாறிலும் மயிலாப்பூரிலும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் காலை ஆறு மணிக்கு எப்படி வருவார்கள் என்பதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளும் விஷயங்களாயின. அதுவும் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று அழைத்துப்போனவர்களுக்கு மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் வாசலுக்கு வந்தது.

தென்னாப்பிரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம் இப்படித் துறை துறையாகச் சிதறும் வேலைகளை ஒன்றாகக் கட்டிப்போட முயன்றது. தமிழ் வம்சாவளியினர் ஒன்றரை நூற்றாண்டாக வாழும் டர்பன் உட்பட, அந்நாட்டின் ஒவ்வொரு நகராட்சி மன்றமும் தன் ஐந்தாண்டுப் பதவிக்காலத்துக்கு ஓர் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும். ஆண்டுதோறும் திருத்த வேண்டும். பட்ஜெட் அதை ஒட்டியே இருக்க வேண்டும். அங்கேயும் எல்லாம் பாலும் தேனுமாக இல்லை. மத்திய, மாகாணத் துறைகள் நகராட்சியின் திட்டத்தைப் பொருட்படுத்தாமல் தங்கள் வழியில் போனதால், 2019-இல் மாவட்ட அளவில் எல்லோரையும் உட்காரவைக்க இன்னொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் ஒரு வித்தியாசம் பெரியது. அங்கே திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பெயரில் இருக்கிறது. தவறினால் யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரியும். நம் பக்கத்திலேயே கேரளம் 1996-இல் மாநிலத் திட்டநிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டுத் திட்டம் போடச் சொன்னது.

சென்னைக்கு அவ்வளவு பெரிய மாற்றம் நாளையே வராது. அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. வார்டுக்கு ஒரு வரைபடம், அதில் அடுத்த மூன்று ஆண்டில் எந்தத் தெருவை எந்தத் துறை எந்த மாதம் தோண்டும் என்ற கால அட்டவணை, அட்டவணையில் இல்லாத வேலைக்குச் சாலை வெட்ட அனுமதி மறுக்கும் அதிகாரம் மாநகராட்சிக்கு. முதல் இரண்டும் கணினி வேலை. மூன்றாவது அரசியல் முடிவு. அதைக் கொடுக்க எந்த ஆட்சிக்கும் இதுவரை மனம் வரவில்லை.

வார்டு கமிட்டிகளுக்கும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைகளுக்கும் 2022-இல் விதிகள் வந்துவிட்டன. மூன்றாம் முழுமைத் திட்டம் 2046 வரைக்குமான சென்னையை எழுதப்போகிறது. இன்றைய மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2027-இல் முடிகிறது. உங்கள் ஏரியா சபை கூடும்போது போய், உங்கள் தெருவுக்கான மூன்றாண்டு அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், இல்லை என்பதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாக்கு கேட்டு வருபவரிடம் காட்ட உதவும்.