விடியல் மழை எந்த மலையில் பிறக்கிறது?

போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் விடியற்காலையில் லயத்து வாசலில் நின்று முதலில் கடல் பக்கம்தான் பார்ப்பார்கள். மேற்கே மின்னினால் அன்றைய வேலை சந்தேகம்.

பால்மரத்தை இருட்டோடு வெட்ட வேண்டும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கும். பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் ஒழுக்கு மட்டுப்படும். வெட்டும் நேரம் பார்த்து மழை பிடித்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் பட்டையெங்கும் வழியும், பால் சேரும் மங்கில் தண்ணீர் நிரம்பும். நாட்கூலிக்காரருக்கு வேலை இல்லாத நாள் கூலி இல்லாத நாள். தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடியதற்கு இந்த மழையும் ஒரு காரணம்.

இதற்கு வானிலையாளர்கள் வைத்த பெயர் ‘சுமத்ரா’. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலை ஒட்டி, வரிசை கட்டிய இடிமேகங்கள் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

பெயரிலேயே பிறந்த ஊர் இருக்கிறது. சுமத்ராவின் மேற்கு ஓரமாக ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீளத்துக்குப் புக்கிட் பாரிசான் மலைத்தொடர் ஓடுகிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான கெரிஞ்சி 3,805 மீட்டர். பகலில் வெயில் பட்ட மலைச்சரிவு தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. அதே உயரத்தில் சரிவைவிட்டு எட்ட இருக்கும் காற்றுக்கு அந்தச் சூடு இல்லை. அதனால் சரிவுக் காற்று லேசாகி, பள்ளத்தாக்கின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு மேலேறுகிறது; பிற்பகலில் முகடுகளின் மேல் மேகம் குவிந்து கொட்டுகிறது. பொழுது சாய்ந்ததும் எல்லாம் தலைகீழ். சரிவு வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர, அதன்மேல் படிந்த காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீர்போலக் கீழே வழிகிறது. நம் பக்கத்திலும் தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்து குளிர்ந்த தரைக்காற்று கடலை நோக்கி இறங்குகிறது. இரு கரைக் காற்றும் நீரிணையின் வெதுவெதுப்பான நீர்மேல் முட்டும்போது இடையில் அகப்பட்ட ஈரக்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. இப்படித் திரண்ட மேகத்தைத் தென்மேற்குப் பருவக்காற்று நம் கரைக்குத் தள்ளிவிடுகிறது.

பிற்பகலில் மலைமேலும் இரவில் கடல்மேலும் மழை இடம் மாறுவதை, 1997இல் ஏவப்பட்ட, மழையை அளக்கும் டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோள் தெளிவாகக் காட்டியது. ஆனால் காற்று ஏறி இறங்குவதை அளக்க மலைக்கே போக வேண்டும். மேற்குச் சுமத்ராவின் கோத்தோ தாபாங்கில், 865 மீட்டர் உயரத்தில், ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகம் இந்தோனேசியாவுடன் சேர்ந்து 2001இல் ஒரு ரேடாரை நிறுவியது. 110 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 560 ஆன்டெனாக்கள், தலைக்கு மேல் ஓடும் காற்றின் போக்கை அடுக்கடுக்காகக் கணிக்கின்றன. போர்டிக்சனிலிருந்து நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர்தான். அது மினாங்கபாவு மலைநாடு. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் முன்னோர் அங்கிருந்துதான் தாய்வழிச் சொத்து வழக்கத்தைச் சுமந்து வந்தார்கள். மனிதர் வந்த திசையிலிருந்தே மழையும் வருவதை நினைத்தால் எனக்கு இந்த நீரிணை ஒரு வாய்க்காலாகச் சுருங்கிவிடுகிறது.

நம் நெகிரி செம்பிலானிலும் இத்தகைய அளவீடு உண்டு. மலைகளின் மழைமறைவில் கிடக்கும் ஜெலெபு, தீபகற்பத்திலேயே மழை குறைந்த வட்டாரமாகப் பேர்பெற்றது. அந்தப் பக்கத்துப் பாசோ காட்டில், மர உச்சிகளுக்கு மேலே தலை நீட்டும் 52 மீட்டர் கோபுரம் நிற்கிறது. காற்றின் ஒவ்வொரு சுழிப்பும் எவ்வளவு நீராவியையும் வெப்பத்தையும் கரியமில வாயுவையும் ஏற்றி இறக்குகிறது என்று அதிலுள்ள கருவிகள் கணக்கெடுக்கின்றன. பெய்த மழையில் பாதிக்கு மேல் அந்தக் காடு வானத்துக்கே திருப்பித் தந்துவிடுகிறது.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? கணினி முன்னறிவிப்பு நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கிறது. கட்டம் பெரிதானால் முகடும் பள்ளத்தாக்கும் சராசரியாகி, மலை வெறும் மேடாகிவிடும். சரிவுக் காற்றும் காணாமல் போகும். கட்டத்தைச் சுருக்கினாலும், மலையின் மண்ணும் காடும் காற்றுக்கு என்ன கொடுக்கின்றன என்று தெரிந்தால்தான் விடியல் மழை கணினியில் சரியான நேரத்துக்கு வரும். வானிலை ரேடார் திரையில் மேகவரிசை தெரியும்போது அது ஏற்கெனவே நீரிணையில் இருக்கிறது. இருட்டில் கடலுக்குப் போன படகு கரை திரும்ப அதன்பின் மிச்சமிருப்பது கொஞ்ச நேரமே.