பாகனில்லாத் தேரும் பழியும்

ஊர்தி ஒன்று உண்டாயின் அதனைச் செலுத்துவோன் ஒருவன் வேண்டும் என்பது தொன்றுதொட்ட வழக்கு. அவனைப் பண்டைத் தமிழர் வலவன் என்றும் பாகன் என்றும் வழங்கினர். செலுத்துவோனின்றித் தானே செல்லும் ஊர்தி விண்ணுலகத்துக்கே உரியது என்பது அவர் கருத்துப்போலும். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர் எய்தும் பேறாக அத்தகைய வானூர்தியைக் குறிக்கின்றார். அன்று விண்ணுக்கு உரியதாயிருந்தது இன்று மண்ணில் ஓடக் காண்கின்றோம்.

இம்முயற்சி எளிதிற் கைகூடியதன்று. 2004ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவு மொஹாவிப் பாலைவனத்தில் இத்தகைய வண்டிகளுக்கு ஒரு போட்டி நடத்திற்று. வழியின் நீளம் 142 மைல். ஒரு வண்டியேனும் 8 மைலைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டிலோ ஐந்து வண்டிகள் 132 மைல் வழியைக் கடந்து முடித்தன. 2020இல் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகர்ப்புறத்தில் வேமோ என்னும் கம்பனி, சாரதியின்றியே பொதுமக்களை ஏற்றிச் செல்லத் தொடங்கிற்று.

இதனால் வரும் பயன் சிறிதன்று. வீதி விபத்துக்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மடிகின்றனர் என உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் அறிவித்தது. பொறிக்கு நித்திரையில்லை, மதுமயக்கமில்லை, வெகுளியுமில்லை. ஆதலின் இவ்விழப்பிற் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பர் அதனை ஆக்குவோர். கண்ணொளி இழந்தார்க்கும் இது துணையாம். 2015இல் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டின் நகரில் அத்தகையார் ஒருவர் கூகிள் கம்பனியின் வண்டியில் தனியே அமர்ந்து வீதிவழிச் சென்றார்.

இவ்வண்டிகளுட் பல மின்கலத்தால் இயங்குவன. ஆதலின் அவை செல்லும் தெருவிற் புகையில்லை. எனினும் நிலக்கரி எரித்துப் பெற்ற மின்சாரமாயின், புகை இடம்பெயர்ந்ததாகுமேயன்றி அற்றதாகாது. மேலும், இக்கால வண்டிகள் வானலை வழியாகப் புறத்தோடு தொடர்பு பூண்டவை. அத்தொடர்பே தீயோர்க்கும் வாயிலாகலாம். 2015இல் ஆராய்ச்சியாளர் இருவர், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் வண்டியொன்றைத் தொலைவிலிருந்தே கணனி கொண்டு அடக்கிக் காட்டினர். அதன்பின் 14 இலட்சம் வண்டிகள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

இவையெல்லாம் அறிவினால் திருத்தத்தக்க குறைகள். அறத்தினால் தீர்க்கவேண்டிய குறை ஒன்று உண்டு. 2018 மார்ச் 18ஆம் நாளிரவு, அரிசோனாவின் டெம்பி நகரில், துவிச்சக்கரவண்டியைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருத்தியை ஊபர் கம்பனியின் சோதனை வண்டி மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 செக்கனுக்கு முன்னரே பொறி அவளைக் கண்டது. ஆயினும் வண்டியென்றும் பிறிதொரு பொருளென்றும் துவிச்சக்கரவண்டியென்றும் மாறி மாறி மயங்கிற்று. கடவையல்லாத இடத்தில் மனிதர் வீதியைக் கடப்பர் என்பதை அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. கண்காணிக்க அமர்த்தப்பட்டவரோ கைத்தொலைபேசியை நோக்கியிருந்தார். கம்பனிமேற் குற்றவழக்குத் தொடர இடமில்லை என 2019இல் அரச வழக்குரைஞர் முடிவு செய்தார். கண்காணித்தவர் 2023இல் குற்றத்தை ஒப்பி, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்பட்டார்.

ஈண்டுப் பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் வரலாறு நினைவுக்கு வருகின்றது. இளவரசன் ஊர்ந்த தேரின் காலிற் கன்று தானே புகுந்து இறந்தது என அமைச்சன் எடுத்துரைத்தான். மன்னன் அதனை ஏற்றானல்லன். தன் மைந்தன்மேற் தேர் செலுத்துமாறு ஏவப்பட்ட அமைச்சன் உயிர்துறக்க, அரசன் தானே தேரைச் செலுத்தினான். தண்டத்தின் கடுமை நமக்கு இன்று உடன்பாடன்று. ஆயினும் பழியைத் தாழ்ந்தோர் தலையில் ஏற்றித் தான் ஒதுங்காத அவன் நெஞ்சம் போற்றற்குரியது.

பிரித்தானியா 2024இல் இயற்றிய சட்டம் இந்நெறியை ஒருவாறு தழுவியது. வண்டி தானே இயங்கும்போது நிகழும் செலுத்தற் குற்றங்களுக்கு உள்ளிருப்பவர் பொறுப்பாளியாகார். அதற்கென அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பேற்றல் வேண்டும் என்பது அச்சட்டம். இவ்வூர்திகளை வரவேற்கும் நாடு எதுவாயினும், அவை வீதியில் இறங்குமுன்னரே இத்தகைய சட்டத்தை வகுத்துக்கொள்ளல் வேண்டும். பாகனை நீக்கலாம், பழியேற்பாரை நீக்குதல் ஆகாது.